குறி தப்பும் குழலும் குறி தப்பாத குழலும்

உலகிலுள்ள துப்பாக்கிகளில் மிகப் பெரும்பாலானவை ஆலைகளில் ஆயிரக்கணக்கில் ஒரே அளவில் உற்பத்தியாகி, யார் வாங்குவார், எங்கே பிரயோகிப்பார் என்பதை அறியாமலே பெட்டிகளில் அடைபட்டு வெளியேறுகின்றன. இன்னாருக்கு என்று முன்கூட்டியே தீர்மானித்து, அவருடைய தோளுக்கும் கைக்கும் கண்ணுக்கும் பொருந்த, ஒவ்வொன்றாகக் கையால் செய்யப்படும் துப்பாக்கிகளில் முக்கியமானவை இரண்டு வகை. ஒன்று, தேர்ந்த நிபுணர் ஒருவர் குழலையும் கட்டையையும் விசையையும் தனித்தனியே தேர்ந்து, மாதக்கணக்கில் இழைத்துப் பொருத்தித் தரும் துல்லிய ரைபிள். மற்றொன்று, மலையடிவாரத்துப் பட்டறையில் பெயர் வெளியிட விரும்பாத கைவினைஞன் ஒருவன் கிடைத்த இரும்பையும் மரத்தையும் கொண்டு மலைவாசி ஒருவருக்குச் செய்துகொடுக்கும் நாட்டுத் துப்பாக்கி. முன்னதன் விலைக்கு ஒரு நல்ல மோட்டார் வண்டி வாங்கலாம். பின்னதை வைத்திருப்பவருக்கோ மழைக்கு ஒழுகாத கூரை இல்லை. இவ்விரண்டையும் ஒரே கட்டுரையில் வைத்து ஆராய்வது விபரீதமாகத் தோன்றலாம். ஆனால் கல்வராயன் மலையில் துப்பாக்கி என்னும் பிரச்சினையை நான் நெடுங்காலம் யோசித்துப் பார்த்ததில், அவை இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் அதற்கு நியாயமான முடிவு காண முடியாது என்ற அபிப்பிராயமே எனக்கு உறுதிப்பட்டிருக்கிறது.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஓர் அங்கமான கல்வராயன், ஜவ்வாது மலைக்குத் தெற்கிலும் சேர்வராயன் மலைக்குக் கிழக்கிலும் விரிந்து, ஏறத்தாழ 2,000 அடியிலிருந்து 4,000 அடி வரை உயர்ந்து நிற்கும் பிரதேசம். சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என இரு பகுதிகளாக வழங்குவது. கோமுகி நதி இங்கேதான் பிறக்கிறது. இந்த மலையின் பூர்வகுடிகளான மலையாளிகள், பெயரைக் கேட்டதும் வெளியூரார் நினைப்பதுபோல் கேரளத்தவர் அல்லர். மலையை ஆள்பவர் என்ற பொருளில் அப்பெயர் பெற்று, கவுண்டர் என்ற பட்டத்துடன் தமிழே பேசி வாழ்பவர்கள். காஞ்சியிலிருந்து புறப்பட்ட சகோதரர் மூவர் கல்வராயன், பச்சைமலை, கொல்லிமலை முதலான மலைகளுக்குப் பிரிந்து சென்று குடியேறினர் என்பது அவர்களுடைய பரம்பரைக் கதை. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற ஜாகிர்தார்களின் ஆதிக்கத்தில் இம்மலை 1976 வரை இருந்தது என்பதை நம் நாட்டார் பலர் இன்றும் அறியார்; சமவெளியில் குடியரசு பிறந்து கால் நூற்றாண்டு கழிந்த பிறகும் மலைமேல் ஜாகிர் நடந்தது. 2019 நவம்பர் 26-ஆம் தேதி விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது, வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட இம்மலைப் பகுதி அதில் அமைந்தது.

இங்கே துப்பாக்கி எதற்கு வந்தது? சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த காலத்திலும், மரவள்ளியும் மக்காச்சோளமும் பரவிவிட்ட இந்தக் காலத்திலும், மலைக் குடியானவனின் பரம விரோதி காட்டுப்பன்றி. கரடிக்கு அஞ்சி இரவில் தனியே நடக்கமாட்டார்கள். பன்றிக்கு அஞ்சி இரவெல்லாம் உறங்கமாட்டார்கள். ஒரு தை மாதத்து விடியலில், வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரில், பன்றிக் கூட்டம் புகுந்துபோன மரவள்ளிக் கொல்லை ஒன்றை நான் நேரில் பார்த்தேன். ஏர் உழுததுபோல் மண் புரண்டு கிடந்தது. பாதி கடித்து எறியப்பட்ட கிழங்குகளின் வெள்ளைச் சதைமேல் பனித்துளி நின்றது. வேரோடு சாய்ந்த குச்சிகளின் இலைகள் இன்னும் வாடவில்லை. கொல்லைக்காரரான முதியவர், "ராத்திரி முச்சூடும் பரண்ல கெடந்து தகரம் தட்டறோம் சாமி, தகரத்துக்கெல்லாம் பன்னி பயப்படறதில்ல" என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் வீட்டுப் பரணிலோ, கொல்லைப் புதரிலோ வேறொரு சாதனம் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம்.

அந்தச் சாதனத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். நாட்டுத் துப்பாக்கி என்பது ஒற்றைக் குழல். அதன் உட்புறம் வழுவழுப்பானது, அதாவது புரி இல்லாதது. கரிமருந்தையும் குண்டுகளையும் குழலின் வாய்வழியாகவே இட்டுக் கழியால் கெட்டித்து, குதிரையை இழுத்து விட்டால் வெடிக்கும். ஒருமுறை வெடித்தபின் மறுபடி கெட்டிப்பதற்குள் பன்றி அடுத்த ஓடையைத் தாண்டியிருக்கும். தை மாதத்தில் பொங்கலையொட்டி நடந்துவந்த பாரி வேட்டையிலும், கொல்லைக் காவலிலும், வயிற்றுப்பாட்டுக்கான சிறு வேட்டையிலும் தலைமுறைகளாகக் கைமாறி வந்த இந்தக் குழல்களில் பெரும்பாலானவற்றுக்கு உரிமம் கிடையாது. ஆகவே, போலீசார் அவ்வப்போது மலைக் கிராமங்களுக்குச் சென்று, தாமாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று அறிவிப்பதும், ஊர்ப் பெரியவர்கள் வழியாகச் சிலர் ஒப்படைப்பதும், வேறு சிலர் ஆள் தெரியாதபடி இரவோடிரவாகக் காட்டோரத்தில் போட்டுவிட்டுப் போவதும், பிறகு சில மாதங்களில் புதியவை முளைப்பதும் கல்வராயனிலும் ஜவ்வாதிலும் கொல்லிமலையிலும் வழக்கமாகிவிட்ட காட்சிகள்.

இந்தக் குழல் ஏன் குறி தப்புகிறது என்ற கேள்விக்கு விஞ்ஞானம் விடை கண்டது இரண்டே முக்கால் நூற்றாண்டுக்கு முன்பு. கண்டவர் கடைசியாகக் கண்மூடியதோ நம் பழைய தென்னார்க்காட்டு மண்ணில். பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலக் கணித மேதை 1742-இல் பீரங்கிக் கலையின் புதிய கோட்பாடுகளை விளக்கி ஒரு நூல் எழுதினார். கனத்த மரக்கட்டையை ஊஞ்சல்போல் தொங்கவிட்டு, அதில் குண்டைச் சுட்டு, கட்டை எவ்வளவு ஆடுகிறது என்பதைக் கொண்டு குண்டின் வேகத்தைக் கணக்கிடும் உபாயத்தை வகுத்தவர் அவரே. அந்நூலை 1745-இல் ஜெர்மன் மொழியில் ஆக்கியவர், கணித உலகின் சக்கரவர்த்தி எனத்தக்க ஆய்லர் என்றால் அதன் பெருமை விளங்கும். வழுவழுப்பான குழலிலிருந்து புறப்படும் உருண்டைக் குண்டு, வெளியேறும்போது குழலின் ஏதேனும் ஒரு பக்கத்தில் உராய்ந்து, இன்ன அச்சில் என்று நிச்சயமில்லாமல் சுழன்று, அந்தச் சுழற்சிக்கேற்பக் காற்றால் ஒருபுறமாக ஒதுக்கப்படுகிறது என்று ராபின்ஸ் காட்டினார். குழலின் உட்புறத்தில் திருகுபோல் புரி வெட்டினால், குண்டு தான் செல்லும் திசையையே அச்சாகக் கொண்டு பம்பரம்போல் சுழன்று, நிலைதடுமாறாமல் பறக்கும் என்பதையும் அவர் 1747-இல் ராயல் சொஸைட்டியில் விளக்கினார். புரிக்குழலின் தத்துவத்தை எந்த நாடு முதலில் பூரணமாக உணர்ந்து தன் படைக்கு அளிக்கிறதோ, அது பிற நாடுகளை மிஞ்சிவிடும் என்பதும் அவருடைய தீர்க்கதரிசனம். கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராகக் கோட்டைகளைச் செப்பனிட 1750-இல் இங்கு வந்த அவர், கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்து செயின்ட் டேவிட் கோட்டையில் 1751-ஆம் ஆண்டு ஜுரத்தால் இறந்தார். அப்போது அவருக்கு வயது 44. புரிக்குழலின் ரகசியத்தை அவிழ்த்த மனிதர் கெடிலம் ஆற்றின் கரையில் மறைந்தார் என்பதை, அதே பழைய மாவட்டத்தின் மேற்கெல்லையில் இன்னமும் வழுவழுப்பான குழலில் மருந்து கெட்டிக்கப்படுவதோடு சேர்த்து நினைக்கும்போதெல்லாம் என் மனம் கனக்கிறது.

ராபின்ஸின் தீர்க்கதரிசனம் பலிக்க நூறாண்டு பிடித்தது. அவர் இறந்து 39 ஆண்டுகளுக்குப் பிறகு, 1790-இல், கள்ளக்குறிச்சியை அடுத்த தியாகதுர்க்கத்தைத் திப்பு சுல்தான் தாக்கியபோதும், கோட்டைக்குள்ளிருந்து காப்டன் பிளின்ட் அதைக் காத்தபோதும், இரு தரப்பிலும் காலாட்படையின் பெரும்பகுதி வழுவழுப்பான குழலைத்தான் ஏந்தியிருந்தது. ஒரு சிப்பாயின் குறியை நம்பாமல், நூறு பேர் ஒருமித்துச் சுடும் வாலியை நம்பிய காலம் அது. நூறு குண்டில் ஐந்து பட்டால் போதும் என்பது யுத்தகளத்தின் கணக்கு. கொல்லை மேட்டில் ஒற்றை ஆளாக இருட்டில் நிற்பவனுக்கு அந்தக் கணக்கு உதவாது.

இனி, எதிர்க்கோடியில் உள்ள துல்லிய ரைபிளைக் கவனிப்போம். இதன் நிர்மாணத்தில் அற்புதமான மந்திரம் ஏதுமில்லை. அடுக்கடுக்கான பொறுமை இருக்கிறது. குழலின் உட்புறப் புரி முழு நீளத்துக்கும் ஒரே சீராக இருக்கிறதா என்று பார்த்து மெருகிடுகிறார்கள். தோட்டா உட்காரும் அறையின் மையமும் குழலின் மையமும் இம்மியும் விலகாமல் ஒரே கோட்டில் அமையக் கடைகிறார்கள். இரும்புப் பகுதி கட்டையில் பதியும் இடத்தில், வெடியின் அதிர்ச்சியால் அது ஒவ்வொரு முறையும் வெவ்வேறாக நகர்ந்துவிடாதபடி பிசின் வார்த்துப் படுகை அமைக்கிறார்கள். கன்னம் பதியும் உயரம், தோளில் பதியும் நீளம், விரல் விசையைத் தொடும் கோணம் ஆகிய எல்லாம் உடையவரின் தேகத்துக்கு அளவெடுக்கப்படுகின்றன. தோட்டாக்களையும் ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்துச் சமப்படுத்துவோர் உண்டு. இவ்வளவும் எதற்கு? பாகையை அறுபது கூறாக்கினால் கிடைக்கும் ஒரு கலை என்னும் கோண அளவு, நூறு மீட்டர் தூரத்தில் சுமார் 29 மில்லிமீட்டர் அகலம். நல்ல துல்லிய ரைபிள் ஒன்று, சுட்ட குண்டுகள் அனைத்தையும் அந்த ஒரு கலைக்குள், அதாவது ஒரு பெரிய நெல்லிக்காய் அளவுக்குள், அடக்கிவிடும்.

சென்னையில் ஒரு துப்பாக்கிப் பயிற்சிக் கூடத்தில், பத்து மீட்டர் ஏர் ரைபிள் போட்டிக்கான இலக்கு அட்டையை ஒரு மாணவி என் உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். பத்து மதிப்பெண் தரும் நடுப்புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். எழுதுகோலால் மெல்லத் தொட்ட அளவு. அதை நோக்கிச் செல்லும் குண்டின் விட்டமோ 4.5 மில்லிமீட்டர். இதயம் துடிக்கும் இடைவெளியில் விசையை அழுத்தக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அந்தப் பெண் சர்வ சாதாரணமாகச் சொன்னாள். துப்பாக்கி என்றாலே ஆவேசத்தையும் ரத்தத்தையும் நினைத்திருந்த எனக்கு, அந்தக் கூடத்தின் அமைதி ஒரு வீணை வகுப்பை நினைவூட்டியது. இந்தக் கலையில் உலகப் பிரசித்தி பெற்று, டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் போட்டிகளில் கலந்துகொண்ட இளவேனில் வாலறிவன் 1999-இல் கடலூரில் பிறந்தவர், வளர்ந்தது அகமதாபாத்தில். அவர் பிறப்பதற்கு ஆறு ஆண்டுகள் முன்புவரை, 1993-இல் தென்னார்க்காடு பிரிக்கப்படும் வரை, கடலூரும் கல்வராயனின் இந்தப் பக்கமும் ஒரே மாவட்டம்.

நம் நாட்டில் துல்லிய ரைபிள் செய்யும் தொழில் நெடுங்காலம் சர்க்கார் ஆலைகளுக்கே உரியதாக இருந்தது. முங்கேர் முதலிய ஊர்களின் தனியார் பட்டறைகள் வழுவழுப்பான குழல் கொண்ட வேட்டைத் துப்பாக்கிகளையே செய்துவந்தன. புரிக்குழல் வேண்டுமாயின் மேற்கு வங்கத்து ஈஷாப்பூர் ரைபிள் ஆலையின் .315 ரைபிளை நாட வேண்டும், அல்லது போட்டி வீரராக இருந்து வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டும். நம் திருச்சிராப்பள்ளி ஆலையும் அறுபதுகளிலிருந்து ராணுவத்துக்கான துப்பாக்கிகளைச் செய்துவருகிறது. அண்மைக் காலத்தில் பெங்களூரைச் சேர்ந்த எஸ்எஸ்எஸ் டிபென்ஸ் என்னும் தனியார் நிறுவனம், சேபர் என்ற பெயரில் .338 லபுவா மாக்னம் தோட்டாவுக்கான தொலைதூர ரைபிளை உள்நாட்டிலேயே வடிவமைத்து வெளியிட்டு, வெளிநாட்டுக்கும் விற்றிருக்கிறது. ஆக, குறி தப்பாத குழலைச் செய்யும் கைகள் கல்வராயனிலிருந்து ஒரு நாள் பயண தூரத்தில் தெற்கிலும் வடமேற்கிலும் இருக்கவே செய்கின்றன.

சட்டத்தின் வரலாறு இந்தப் பிரச்சினையில் மிகவும் முக்கியமானது. தென்னாட்டுப் பாளையக்காரர் போர் முடிந்த 1801-ஆம் ஆண்டின் டிசம்பரில் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் பிறப்பித்த பிரகடனம், தென்பாண்டிச் சீமை மக்கள் ஆயுதம் ஏந்துவதைத் தடை செய்தது. நாடு முழுமைக்குமான ஆயுதச் சட்டம் லிட்டன் பிரபுவின் ஆட்சியில் 1878-இல் வந்தது. ஐரோப்பியருக்கு விலக்கும் இந்தியருக்கு உரிமக் கட்டாயமும் விதித்த அந்தப் பாரபட்சத்தைக் காந்தியடிகள் உள்ளிட்ட தேசத் தலைவர்கள் வன்மையாகக் கண்டித்தார்கள். சுதந்திர இந்தியா தன் சொந்தச் சட்டத்தை 1959-இல் இயற்றி 1962-இல் அமலுக்குக் கொண்டுவந்தது. இந்தச் சட்டத்தின் 13-ஆம் பிரிவை வாசகர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும். உரிமம் வழங்க வேண்டியவை என்று அது சுட்டும் துப்பாக்கிகளில், பயிர்ப் பாதுகாப்புக்காக உண்மையாகவே தேவைப்படும் வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி ஒன்று. அங்கீகாரம் பெற்ற ரைபிள் சங்கத்தின் உறுப்பினர் இலக்குப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளும் .22 ரைபிள் மற்றொன்று. கல்வராயன் கொல்லைக்காரரும் சென்னைக் கூடத்து மாணவியும் சட்டத்தின் ஒரே உட்பிரிவில் அடுத்தடுத்த வரிகளில் நிற்கிறார்கள். நாட்டுத் துப்பாக்கி என்ற கருவியைக் குடியரசின் சட்டம் இழிவாக நினைக்கவில்லை. குடியானவனின் தேவையைப் பேரெடுத்துச் சொல்லி ஒப்புக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் மலைவாசி உரிமம் வாங்கிக்கொள்வதுதானே என்று கேட்பவர், காகிதம் என்பது மலைக்கு எவ்வளவு தூரம் என்பதை அறியாதவர். நிலத்துக்கே சரியான பத்திரம் இல்லாத குடும்பம், விண்ணப்பமும் போலீஸ் அறிக்கையும் புதுப்பித்தலும் வேண்டிக் கலெக்டர் அலுவலகத்துக்கும் ஊருக்குமாக எத்தனை முறை இறங்கி ஏற முடியும்? இதற்கு இணையாக மற்றொரு பெரிய மாறுதலும் நேர்ந்தது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப்பன்றியையும் பாதுகாக்கப்பட்ட பிராணிகளின் பட்டியலில் சேர்த்தது. அந்தச் சட்டத்தின்படி, உரிமம் உள்ள துப்பாக்கியாலும் அனுமதியின்றிப் பன்றியைச் சுடலாகாது. வெடிச்சத்தம் காட்டி விரட்டலாம், அவ்வளவே. பயிர்ப் பாதுகாப்பு உரிமம் என்ற சொல்லிலிருந்து அதன் பொருள் கழன்று விழுந்துவிட்டது. 2019-இல் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்டபோது தண்டனைகள் கடுமையாயின: உரிமமின்றி வைத்திருந்தால் 2 ஆண்டு முதல் 5 ஆண்டு வரை சிறை, உரிமமின்றித் தயாரித்தால் 7 ஆண்டு முதல் ஆயுள் வரை. சாதாரணப் பிரஜை வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தன; அடுத்த ஆண்டு வந்த அறிவிக்கை, சர்வதேசப் பதக்கம் வென்ற வீரர்களுக்குப் பன்னிரண்டு வரை விலக்கு அளித்தது. பயிற்சியும் பொறுப்பும் நிரூபணமான இடத்தில் சட்டம் தளர்கிறது, அவை நிரூபணமாகாத இடத்தில் இறுகுகிறது என்ற இந்த முறையில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நிரூபிப்பதற்கு வழியே இல்லாதவர்களை என்ன செய்வது என்பதில்தான் என் கவலை.

குடகு மலையை உதாரணம் காட்டுவோர் உண்டு. அங்கே கொடவர்களுக்கும் ஜம்மா என்னும் பரம்பரை உரிமை நிலம் உடையோருக்கும் ஆங்கிலேயர் காலத்திலிருந்தே உரிமம் வாங்குவதிலிருந்து விலக்கு உண்டு. மத்திய சர்க்கார் அதை 2019-இல் மேலும் பத்தாண்டுகளுக்கு நீட்டித்தது. குடகில் துப்பாக்கிக்குப் பூஜை நடக்கும் கைல்போது திருவிழா இன்றும் சிறப்பாக நடக்கிறது. அந்த உரிமையைக் கல்வராயன் மலையாளிகளுக்கும் கொடுத்துவிட்டால் சரியாகிவிடாதா என்று ஒரு நண்பர் என்னோடு நெடுநேரம் வாதாடினார். எனக்கு அதில் சம்மதமில்லை. குடகரின் விலக்கு, தலைமுறை தலைமுறையாகப் படைத்தொழிலில் பழகிய, நிலமும் கல்வியும் கைவரப்பெற்ற ஒரு சமூகத்தின் கையில், தரமான துப்பாக்கியோடு சேர்ந்து இயங்குகிறது. கல்வராயனில் நாம் அங்கீகரிக்கப்போவதோ குறியே இல்லாத ஒரு குழலை.

இங்கேதான் நாட்டுத் துப்பாக்கியின் மேல் என்னுடைய முக்கியமான குற்றச்சாட்டு எழுகிறது. அது சட்டவிரோதம் என்பதைக் காட்டிலும் அது எங்கே படும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதே பெரிய தோஷம். கெட்டித்த மருந்தின் அளவு கைக்குக் கை மாறும். குழலின் பலம் பட்டறைக்குப் பட்டறை மாறும். சில வேளை குழலே வெடித்துச் சுட்டவனின் விரலையும் கண்ணையும் கொண்டுபோகும். புதருக்குள் அசைந்தது விலங்கு என்று நினைத்துச் சுட்டதில் கூட வந்த உறவினனே மாண்டான் என்ற செய்தியைத் தமிழ்நாட்டு மலை மாவட்டங்களின் பத்திரிகைப் பக்கங்களில் எத்தனை முறை படித்துவிட்டோம்! சுட்டவன் சிறைக்கும், பட்டவன் சுடுகாட்டுக்கும் போக, இரண்டு குடும்பங்களின் கொல்லைகளும் காவலற்றுப் பன்றிக்கே மிஞ்சுகின்றன. பிராணிகளின் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். அரைகுறையாகச் சுடப்பட்ட விலங்கு உடனே சாவதில்லை. புண்ணோடு ஓடிப்போய், காட்டுக்குள் பல நாள் அழுகிச் சாகிறது. இமயமலை அடிவாரத்தில் 436 மனிதர்களைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட சம்பாவத் பெண்புலியை 1907-இல் ஜிம் கார்பெட் சுட்டு வீழ்த்தியபின் அதன் வாயைத் திறந்து பார்த்தபோது, வலப்பக்கத்துக் கோரைப் பற்கள் மேலும் கீழும் உடைந்திருக்கக் கண்டார். யாரோ எப்போதோ குறி தப்பிச் சுட்ட குண்டு அப்பற்களை உடைத்து, இயல்பான இரையைப் பிடிக்க முடியாமல் அதை மனிதர்மேல் ஏவிவிட்டிருந்தது. அந்தச் செயலுக்காக அவருக்குப் பரிசாக அளிக்கப்பட்டது லண்டன் ரிக்பி நிறுவனம் செய்த .275 ரைபிள். ஒரு தவறிய குண்டு விளைத்த கேட்டைத் தவறாத குறியால் தீர்த்த சரித்திரம் அது. இதனால்தான் துல்லியம் என்பதைப் பணக்காரரின் விளையாட்டு லட்சணமாக மட்டும் கருத என் மனம் ஒப்பவில்லை. ஆயுதத்தைக் கையில் எடுப்பது அவசியமாகிவிட்ட இடத்தில், துல்லியமே அதில் எஞ்சியிருக்கும் கருணை.

காட்டுப்பன்றித் தொல்லைக்குப் பிற மாநிலங்கள் என்ன செய்தன என்பதையும் பார்க்கலாம். கேரளம் 2022-இல், பயிரை அழிக்கும் பன்றிகளைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கு அளித்து, உரிமம் பெற்ற துப்பாக்கி உடையோரைக் கொண்டு அதை நிறைவேற்றச் செய்தது. பீகாரிலும் உத்தராகண்டிலும் மத்திய சர்க்கார் குறிப்பிட்ட காலத்துக்குப் பன்றியைத் தீங்குயிர் என்று அறிவித்தது. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் வந்த உத்தரவு, காப்புக்காட்டிலிருந்து உள்ள தூரத்தைக் கொண்டு நிலங்களை மூன்று மண்டலங்களாகப் பிரித்து, காட்டை ஒட்டிய பகுதியில் சுடுவதைத் தடுத்து, நடுப்பகுதியில் பிடித்துக் காட்டில் விடச் சொல்லி, தொலைவில் உள்ள பகுதியில் மட்டும் வனத்துறையின் பயிற்சி பெற்ற ஊழியர் சுட அனுமதித்தது. காட்டையும் அதில் வாழும் உயிர்களையும் காக்கும் எண்ணத்தில் எழுந்த இந்த ஏற்பாட்டை நான் குறை கூறவில்லை. ஆயினும் கல்வராயனில் காட்டை ஒட்டாத கொல்லை எங்கே இருக்கிறது? மலைக் கிராமங்களின் நிலம் காட்டின் மடியிலேயே கிடக்கிறது. சமவெளிக் குடியானவனுக்கு வனத்துறையின் ரைபிள் வரும். மலைக் குடியானவனுக்குத் தகரமும் பரணுமே மிச்சம்.

என் முடிவு இதுதான். கல்வராயனில் உள்ள நாட்டுத் துப்பாக்கிகள் போக வேண்டும். ஒன்று விடாமல் போக வேண்டும். அவை போவதற்கு, அவற்றை வரவழைத்த தேவையைச் சர்க்கார் தன் தோள்மேல் ஏற்க வேண்டும். காட்டோரக் கொல்லைகளுக்கு உறுதியான வேலி. அழிந்த பயிருக்கு, கொல்லைக்காரர் பத்து முறை மலை இறங்காதபடி, ஊருக்கே வந்து பார்த்து வழங்கும் நஷ்டஈடு. வேலியையும் மீறி வரும் பன்றிக்கு, மலைப்பகுதிக்கென்றே பயிற்சி பெற்று, நல்ல தொலைநோக்கி பொருத்திய துல்லிய ரைபிளுடன், ஒவ்வொரு குண்டுக்கும் கணக்கு எழுதும் வன ஊழியர் குழு: இம்மூன்றும் சேர்ந்து வந்தால் மருந்துத் துப்பாக்கிக்கு மலையில் வேலை இராது. அந்தக் குழுவுக்கு மலையாளி இளைஞர்களையே தேர்ந்தெடுக்கலாம். இருட்டில் இலை அசைவைக் கொண்டு விலங்கின் ஜாதியையும் வயதையும் சொல்லிவிடும் கண் அவர்களுக்குப் பரம்பரைச் சொத்து. வெள்ளிமலையில் உள்ள பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏர் ரைபிள் பயிற்சி தர ஒரு சிறு கூடம் அமைப்பதும் பெரிய செலவன்று, 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத, 20 ஜூலுக்கு மேல் வேகசக்தி இல்லாத ஏர் ரைபிளுக்கு உரிமமே தேவையில்லை என்று 2016-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. பத்து மீட்டர் நீளமுள்ள ஒரு கொட்டகையும் பின்புறம் ஒரு கெட்டியான சுவரும் கண்காணிக்க ஓர் ஆசிரியரும் இருந்தால் போதும்.

கடைசியாக, மலைமேல் உள்ள என் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். பரணிலும் புதரிலும் குழலை மறைத்து வைத்திருப்பவர்கள், அடுத்த முறை போலீசார் ஊருக்கு வந்து வழக்கில்லை என்று அறிவிக்கும்போது, இருட்டில் காட்டோரத்தில் எறிந்துவிட்டுப் போகாமல், ஊர்ப் பெரியவரை முன்வைத்துப் பகலிலேயே கொண்டுபோய் ஒப்படையுங்கள். ஒப்படைக்கும்போது, எந்தக் கொல்லையில் எத்தனை இரவு பன்றி வந்தது என்பதையும் ஒரு காகிதத்தில் எழுதி, அதே மேஜைமேல் வைத்துவிட்டு வாருங்கள்.